எது தொலைந்தால் திரும்பக் கிடைக்கும்?
வாசகர் கேள்வி–பதில்: வீட்டு ஆவணங்கள்

மழைக்காலத்துக்கு முன்பு வீட்டு ஆவணங்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். பதிலில் பேசப்படும் விஷயம் அப்படி.

வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் மார்க் ஷீட், ஆதார், பாஸ்போர்ட், இன்ஷூரன்ஸ் பாண்டு எல்லாவற்றையும் ஒரே சூட்கேஸில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். வெள்ளம் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்பது கணக்கு. சரிதானா?
– வாசகி, கடலூர்

தூக்கிக்கொண்டு கிளம்ப வசதிதான். ஆனால் நீங்கள் வீட்டில் இல்லாத நாளில் தண்ணீர் வந்தால் எல்லாம் ஒரே மூச்சில் போய்விடும். பிரித்து வையுங்கள். ‘முக்கியமானது, முக்கியமில்லாதது’ என்று பிரிக்க உட்கார்ந்தால் எல்லாமே முக்கியமாகத்தான் தெரியும். தொலைந்தால் மறுபடி வாங்க முடியுமா, அதற்கு எவ்வளவு அலைய வேண்டும் என்று பாருங்கள். மூன்று குவியல் தானாக விழும்.

ஆதார், பான், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. இவையெல்லாம் முதல் குவியல். உண்மையான பதிவு அரசின் கணினியில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது அதன் அச்சு மட்டுமே. தொலைந்தால் எரிச்சல் உண்டு, நஷ்டம் பெரிதில்லை.

இரண்டாவது, மறுபடி கிடைக்கும், ஆனால் படியேற வைக்கும் ரகம்: மதிப்பெண் சான்று, பட்டச் சான்று, பாஸ்போர்ட், பதிவு செய்த கிரயப் பத்திரம், ஆயுள் காப்பீட்டு பாண்டு, கணினிக்கு ஏறாத பழைய பிறப்புச் சான்று.

மூன்றாவது, போனால் போனதுதான்: பதிவு செய்யாத உயில், புரோநோட்டு, அண்ணன் தம்பிகள் கையெழுத்திட்ட பதிவாகாத கூர்சீட்டு (பாகப்பிரிவினைத் தாள்), கைமாற்றுக் கடன் ரசீது. இவற்றுக்கு எந்த அலுவலகத்திலும் இரண்டாவது பிரதி கிடையாது. ஜெராக்ஸ் இருந்தாலும் வழக்கென்று வந்தால் அசல் எங்கே என்பதுதான் முதல் கேள்வி.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது தலைகீழ். ஆதார் அட்டை பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும், புரோநோட்டு மாதக் காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கும். மாற்றி வையுங்கள். மூன்றாம் குவியல் வங்கி லாக்கருக்கோ, தண்ணீர் ஏறாத ஊரில் இருக்கும் நம்பகமான உறவினர் வீட்டுக்கோ போகட்டும். இரண்டாம் குவியல் பீரோவின் மேல்தட்டில் இருக்கட்டும். கீழ் லாக்கர் வேண்டாம், தண்ணீர் முதலில் அங்கேதான் நுழையும். பீரோவை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், மழை மாதங்களில் அந்தப் பக்கத் தகடு உள்ளே வியர்க்கும். முதல் குவியலும் எல்லாவற்றின் நகலும் தண்ணீர் புகாத உறையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டிய பை அதுதான்.

உறை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடையில் மலிவாகக் கிடைக்கும் வழவழப்பான ஃபைல் உறைகளில் பல பிவிசி. பிரித்தவுடன் புது மழைக்கோட்டு வாசனை வந்தால் அதுதான். அதிலிருக்கும் மென்மையாக்கி நாளடைவில் லேசர் அச்சின் மையை இளக்கிப் பிளாஸ்டிக்கோடு ஒட்டவைக்கும். சில வருடம் கழித்து உருவினால் எழுத்து உறையில் இருக்கும், காகிதம் கையில் இருக்கும். பாலிபுரோப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள். சற்று விறைப்பாக இருக்கும், வாசனை வராது. குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கடலோரத்தில் பின் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறும், ரப்பர் உருகி ஒட்டும். அட்டைப் பெட்டி கரையானுக்கு விருந்து, எவர்சில்வர் டப்பாவோ தகரப் பெட்டியோ நல்லது. பாச்சை உருண்டை போட்டே ஆகவேண்டும் என்றால் துணியில் முடிந்து ஓரமாக வையுங்கள், காகிதத்திலும் பிளாஸ்டிக்கிலும் படக்கூடாது.

கடைசியாக ஒரே ஒரு தாள்: என்ன ஆவணம், யார் பெயரில், அசல் எங்கே, நகல் எங்கே. எண்களை முழுதாக எழுத வேண்டாம், கடைசி நான்கு இலக்கம் போதும். ஏடிஎம் ரகசிய எண் அதில் ஏறவே கூடாது.

மகளின் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டிகிரி எல்லாவற்றையும் பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்துவிட்டேன். இப்போது வெளிநாட்டு வேலைக்கு அட்டெஸ்டேஷன் எடுக்கப் போனால் ஏஜென்சி வாங்க மறுக்கிறது. பிரித்து எடுக்கலாமா?
– வாசகர், திருச்சி

நீங்களாகப் பிரிக்காதீர்கள். சூட்டில் ஒட்டும் லேமினேஷனில் பிளாஸ்டிக்கின் உள்பக்கப் பசை உருகி காகித நாருக்குள் இறங்கிவிடுகிறது. ஓரத்தில் பிளேடு போட்டு இழுத்தால் பிளாஸ்டிக்கோடு மேல்தோலும் வரும், அச்சும் வரும். ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ் என்று காணொளிகளில் காட்டுவதை அசல் சான்றிதழில் முயல வேண்டாம்.

ஏஜென்சி மறுப்பதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுக்குப் போகும் சான்றிதழின் பின்பக்கத்தில்தான் மாநில அரசின் முத்திரையும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் என்னும் வெளிநாட்டுச் சான்றளிப்பு ஸ்டிக்கரும் ஏறும். பிளாஸ்டிக்கின் மேல் முத்திரை நிற்காது. நின்றாலும் காகிதத்தில் பட்டதாகாது. அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு என்றால் அந்த ஸ்டிக்கரோடு முடிந்தது; இந்தியாவில் இது 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் அதில் இல்லை, எனவே அமைச்சக முத்திரைக்குப் பிறகு தூதரக முத்திரையும் வேண்டும். எந்த நாடு என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் வேலை இரட்டிக்கும்.

பாதுகாப்பான வழி இரண்டாம்படி வாங்குவது. பள்ளி மதிப்பெண் சான்றுக்குப் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கும், பட்டத்துக்குப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகலாம், வேலையில் சேரும் தேதியை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

ஏடிஎம் சீட்டு, சில கடைகளின் கட்டண ரசீது போன்ற வழவழப்பான தாள் சூட்டில் கறுக்கும் ரகம். அதை லேமினேட் செய்தால் உள்ளே போன ரசீது வெளியே வரும்போது கருப்புத் தகடாக இருக்கும். அந்த வகை ரசீதை அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். சும்மா வைத்தாலும் எழுத்து மங்கிவிடும்.

பஸ்ஸில் பர்ஸ் தொலைந்தது. லைசென்ஸ், பான், ஏடிஎம் கார்டு இருந்தன. ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமா?
– வாசகர், மதுரை

முதல் போன் வங்கிக்கு, கார்டை முடக்க. போலீஸ் அதற்குப் பிறகு. தொலைந்தது என்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவைப் பக்கத்தில் எல்.டி.ஆர். எனப்படும் தொலைந்த ஆவண அறிக்கையை வீட்டிலிருந்தே எடுக்கலாம். லைசென்ஸ், ஆர்.சி., பாஸ்போர்ட், பள்ளி–கல்லூரிச் சான்றுகள், அடையாள அட்டை ஆகியவற்றுக்குச் செல்லும். நீங்கள் தெரிவித்தீர்கள் என்பதற்கான பதிவுதான் அது, விசாரணை நடக்காது. யாராவது உருவியிருப்பார்கள் என்று சந்தேகம் இருந்தால் எல்.டி.ஆர். போதாது, நேரில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பான் எண் மாறாது. மறுஅச்சுக்கு விண்ணப்பித்தால் போதும். அவசரத்தில் புதிய பான் கேட்டு விண்ணப்பித்துவிடாதீர்கள், ஒருவரிடம் இரண்டு பான் இருப்பதற்கு 10,000 ரூபாய் அபராதம் உண்டு.

வீடு மாறியபோது 1994-ல் வாங்கிய மனையின் கிரயப் பத்திரம் காணாமல் போய்விட்டது. பட்டா எங்கள் பெயரில் இருக்கிறது. இது போதாதா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

போதாது. பட்டா வருவாய்த்துறையின் கணக்கு, பத்திரம் பதிவுத்துறையின் கணக்கு. விற்கப் போனாலும் கடன் கேட்கப் போனாலும் கேட்பது பத்திரத்தைத்தான். ஆனால் பதிவான பத்திரம் என்பதால் கையைப் பிசைய வேண்டியதில்லை, அதன் முழு வாசகமும் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது.

பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்றைப் பாருங்கள். பார்வையிடக் கட்டணம் இல்லை. அதில் உங்கள் பத்திரத்தின் ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் மூன்றும் கிடைக்கும். அதே மூச்சில், பத்திரம் தொலைந்ததாக நீங்கள் நினைக்கும் தேதிக்குப் பிறகு அடமானமோ விற்பனையோ பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு அந்த மூன்று விவரத்தோடு சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவின்படி தரப்படும் நகல் அது. மூலப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை நிரூபிக்க நீதிமன்றத்தில் செல்லும்.

ஆனால் நகல் கிடைத்ததோடு நிறுத்திவிட்டால் விற்கும்போது மாட்டுவீர்கள். அசல் உண்மையிலேயே தொலைந்ததா, அல்லது யாரிடமாவது பணத்துக்கு ஈடாகக் கிடக்கிறதா என்று வாங்குபவரின் வக்கீல் சந்தேகப்படுவார். அது நியாயமான சந்தேகம். பத்திரத்தைக் கொடுத்துக் கைமாற்று வாங்குவது நம் ஊரில் அன்றாடம். எனவே காவல் நிலையத்தில் புகார், சி.எஸ்.ஆர்., பத்திரிகையில் பொது அறிவிப்பு (ஒரு தமிழ், ஒரு ஆங்கில நாளிதழில் கொடுப்பது வழக்கம்), கடைசியில் காவல்துறையின் ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ சான்று. புகாரில் ஆவண எண், ஆண்டு, சர்வே எண், பரப்பு, கடைசியாகப் பார்த்த சூழ்நிலை எல்லாம் இருக்க வேண்டும். ‘வீட்டுப் பத்திரம் காணவில்லை’ என்ற ஒற்றை வரிப் புகாரை வைத்து வாங்கும் சான்று பின்னால் எந்தப் பத்திரத்தைக் குறிக்கிறது என்றே தெரியாமல் நிற்கும்.

சார்பதிவாளருக்கும் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புதல் வாங்கி வையுங்கள். அது ஒரு பதிவைத் தடுத்துவிடாது. ஆனால் நீங்கள் எப்போது சொன்னீர்கள் என்பதற்கு அரசு முத்திரையோடு தேதி இருக்கும்.

வீட்டுக் கடனை முடித்து இரண்டு மாதம் ஆகிறது. பத்திரம் ‘ஹெட் ஆபீஸிலிருந்து வரணும்’ என்கிறார்கள்.
– வாசகி, தாம்பரம்

ரிசர்வ் வங்கியின் உத்தரவு தெளிவாக இருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். பத்திரத்தை வங்கியே தொலைத்திருந்தால் சான்றிட்ட நகல் வாங்கித் தரும் செலவு அவர்களுடையது. அதற்குக் கூடுதலாக 30 நாள் உண்டு, மொத்தம் 60 நாளுக்குப் பிறகு அதே இழப்பீடு. இதைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்ட நாள் கணக்கில் வராது. 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே புகார் போடலாம்.

கையில் வாங்கும்போது கடன் எடுத்த அன்று கொடுத்த ஆவணப் பட்டியலை எடுத்துப் போய்ப் பக்கம் பக்கமாக எண்ணுங்கள். தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளரின் பத்திரம்) விடுபட்டிருப்பது அடிக்கடி நடப்பது. பதிவு செய்த எம்.ஓ.டி. (பத்திரத்தைக் கடனுக்கு ஈடாக ஒப்படைத்த ஆவணம்) போட்டிருந்தால், அதை ரத்து செய்யும் ரசீதும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். பத்திரம் கைக்கு வந்த சந்தோஷத்தில் இதை விட்டுவிட்டால், பிள்ளைகள் காலத்திலும் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் உயிரோடு இருக்கும்.

வெள்ளத்தில் பத்திரங்கள் நனைந்துவிட்டால் உடனே என்ன செய்வது? வெயிலில் காயப் போடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

வெயிலும் வேண்டாம், இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். இரண்டிலும் காகிதம் சுருண்டு மடிப்பில் வெடிக்கும், மை வெளுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் நேரம்தான் முக்கியம்.

ஒட்டிக்கொண்ட தாள்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். ஈரக் காகிதத்துக்கு வலுவே கிடையாது. கட்டை அப்படியே சமதளமான தட்டில் வைத்து, தானாக விலகும் தாளை மட்டும் விலக்கி, நடுவில் அச்சில்லாத வெள்ளைத் தாளோ டிஷ்யூவோ செருகுங்கள், ஊறியதும் மாற்றுங்கள். செய்தித்தாளை வைத்தால் அதன் மை பத்திரத்தில் ஏறும். மின்விசிறி அறைக்குள் ஓடட்டும், நேராகத் தாளின் மேல் அடிக்க வேண்டாம். பேனா மையில் போட்ட கையெழுத்து இருக்கும் பக்கத்தைத் தேய்க்கவோ அலசவோ கூடாது. அந்த மை தண்ணீரில் ஓடும். பால்பாயிண்ட், லேசர் அச்சு ஓரளவு தாங்கும்.

கட்டு பெரிது, கவனிக்க ஆள் இல்லை என்றால் ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்த காகிதத்தில் பூஞ்சை வளராது. மின்சாரம் இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

நனைந்ததைக் காய வைத்த பிறகும் படிக்க முடியவில்லை என்றால் தூக்கி எறியாதீர்கள். இரண்டாம்படி விண்ணப்பத்தில் சேதமான அசலை ஒப்படைத்தால், ‘தொலைந்துவிட்டது’ என்று நிரூபிக்கும் சுற்று மிச்சம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் நடந்ததுபோல, பெரிய பேரிடருக்குப் பின் சான்றிதழ்களுக்கு அரசு சிறப்பு முகாம் நடத்துவது உண்டு. அங்கே நகலோ ஆவண எண்ணோ கையில் இருப்பவரின் வேலை சீக்கிரம் முடியும்.

எங்கே போனாலும் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். லாட்ஜ், வாடகை வீடு, ஜிம் கூட. என் பெயரில் யாராவது கடன் வாங்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ‘நகலைக் கண்டபடி தராதீர்கள்’ என்று ஒரு அறிவிப்பு விட்டு, இரண்டு நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. அதனால் குழப்பம்தான் மிஞ்சியது. நடைமுறையில் என்ன செய்யலாம் என்று சொல்கிறோம்.

அடையாளம் காட்ட மட்டும் என்றால் மறைத்த ஆதார் போதும். ஆதார் இணையதளத்தில் பதிவிறக்கும்போது அந்தத் தெரிவைத் தேர்ந்தெடுத்தால் முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். அரசு உதவித்தொகை போன்றவற்றுக்கு இது செல்லாது. ஜிம்முக்கு இதுவே அதிகம்.

காகித நகல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அதன் மேல் பேனாவால் குறுக்கே எழுதுங்கள்: யாருக்கு, எதற்கு மட்டும், தேதி, கையெழுத்து. ஓரத்தில் எழுதினால் பயனில்லை, மறு ஜெராக்ஸில் ஓரத்தை வெட்டிவிடுவார்கள். முகவரி வரிகளின் மேலே ஓடட்டும், புகைப்படத்தின் விளிம்பைத் தொடட்டும். எண்ணும் கியூஆர் கட்டமும் மட்டும் படிக்கும்படி இருந்தால் போதும்.

கவனிக்காத ஓட்டை ஜெராக்ஸ் கடையின் கணினி. நீங்கள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய கோப்பு அங்கே டவுன்லோட்ஸ் பகுதியில் தங்கிவிடும். மின் ஆதாருக்குக் கடவுச்சொல் உண்டே என்பீர்கள். அந்தக் கடவுச்சொல் உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில், கூடவே பிறந்த ஆண்டு. (இனிஷியலில் தொடங்கும் பெயர் என்றால் இனிஷியலும் புள்ளியும் அந்த நான்கில் சேரும், ‘பாஸ்வேர்டு தப்பு’ என்று நம் ஊரில் பாதிப்பேர் தவிப்பது இதனால்தான்.) பெயரும் வயதும் தெரிந்தவருக்கு அது பூட்டே இல்லை. அச்செடுத்ததும் உங்கள் கண்முன் கோப்பையும், குப்பைத் தொட்டிப் பகுதியையும் அழிக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

விரல் ரேகையை ஆதார் செயலியில் பூட்டி வைக்கலாம். பத்திரப் பதிவில் இருந்த ரேகையைப் பிரதியெடுத்து, ஆதார் வழிப் பணம் எடுத்த கும்பல்கள் வேறு மாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன. ஆனால் பூட்டிவிட்டு மறந்துபோய் ரேஷன் கடைக்குப் போனால் கருவி ‘330’ என்ற பிழை காட்டித் திருப்பி அனுப்பும். கடைக்காரர் மேல் கோபப்பட வேண்டாம். செயலியில் தற்காலிகமாகத் திறந்தால் சில நிமிடம் வேலை செய்யும், பிறகு தானே பூட்டிக்கொள்ளும்.

கடன் பயத்துக்கு வருவோம். வருடம் ஒருமுறை நான்கு இடத்தில் பாருங்கள். முதலாவது, கடன் அறிக்கை: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் வருடம் முழுக்கக் காவல். தெரியாத கடன் இருந்தால் அங்கேயே ஆட்சேபியுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரல் முதல் உள்ள விதி. இரண்டாவது, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று தெரியும். உங்களுடையது அல்லாததைக் குறித்துக் காட்டலாம். மூன்றாவது, வருமான வரித் தளத்தில் உங்கள் பான் மேல் பதிவான வட்டி, பரிவர்த்தனை விவரம். நான்காவது, ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணை வைத்துத் தேடும் வசதி. நீங்கள் வியாபாரமே செய்யாமல் உங்கள் பெயரில் பதிவு இருந்தால் அதில் தெரியும். பணம் போயேவிட்டது என்றால் இதெல்லாம் அப்புறம், முதலில் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு போன்.

போனில் லைசென்ஸ் படம் காட்டினால் போலீஸ் ஏற்கவில்லை. டிஜிட்டல் இந்தியா என்கிறார்களே?
– வாசகர், சேலம்

கேலரியில் உள்ள படம் வெறும் படம்தான். அரசின் மின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் ‘வழங்கப்பட்ட ஆவணங்கள்’ பகுதியில் போக்குவரத்துத் துறையிலிருந்து நேராக வந்த உரிமமோ, எம்பரிவாகன் செயலியில் இருப்பதோதான் அசலுக்குச் சமம். 2018-ல் மோட்டார் வாகன விதியிலும் இது சேர்ந்துவிட்டது. டிஜிலாக்கரிலேயே நீங்களாக ஸ்கேன் செய்து ஏற்றிய கோப்புக்கு அந்தத் தகுதி கிடையாது. அது உங்கள் சொந்த நகல், அவ்வளவே.

ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக. எதை எதற்கு ஏற்ப மாற்றுவது?
– வாசகர், நாகர்கோவில்

எந்த அலுவலகம் முதலில் கேட்கிறதோ அதற்கேற்ப ஒன்றை மாற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் ஒரு வட்டம் சுற்றி மறுபடி முதல் இடத்துக்கே வருவீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம்; பிறந்த தேதி ஒரே முறை. அந்த வாய்ப்புகளைச் செலவழித்துவிட்டால் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகத்துக்கு விதிவிலக்குக் கேட்டு எழுத வேண்டும்.

மாற்றக் கடினமானதை ஆணியாக அடியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று. அதில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் இனி உங்கள் பெயர். இனிஷியலை விரித்து எழுத வேண்டிய இடத்தில் அப்பா பெயரின் எழுத்துக்கூட்டல் எது என்பதையும் இப்போதே ஒரு தாளில் முடிவு செய்யுங்கள். பான் விண்ணப்பம் பெயர்க் கட்டங்களில் ஒற்றை எழுத்து இனிஷியலை ஏற்காது, முழுதாகக் கேட்கும். ஆகவே விரித்த பெயரையே ஆதாருக்கும் கொண்டுபோனால் இரண்டும் பொருந்தும். வரிசை: ஆதார், பிறகு பான், பிறகு வங்கி மற்றும் பி.எஃப்., கடைசியில் பாஸ்போர்ட்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை என்பது உண்மை. விமான நிறுவனத்தின் கணினிக்கு அது தெரியாது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசா கிடையாது என்றதும் பலர் மாட்டிக்கொண்டார்கள். கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகுதான் தளர்வு வந்தது. விரித்த அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டால் போதும்.

எழுத்துக்கூட்டலே வேறு, அல்லது பெயரே வேறு என்றால் நோட்டரி பிரமாணப் பத்திரம் சில இடத்தில்தான் செல்லும். மாநில அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவதே எல்லா இடத்திலும் நிற்கும். வெளியான அரசிதழின் பல பிரதிகளை வாங்கி வையுங்கள், ஒவ்வொரு அலுவலகமும் கேட்கும்.

வேலைக்குச் சேர்ந்த கம்பெனி அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டது.
– வாசகி, ஓசூர்

கொடுத்திருக்கக் கூடாது. சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. கல்விச் சான்றிதழ் ஈடு வைக்கும் சரக்கு அல்ல என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சொல்லியிருக்கிறது. மாணவரின் அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் அறிவித்தது. இப்போது செய்ய வேண்டியது: என்னென்ன கொடுத்தீர்கள் என்று பதிவு எண்ணோடு பட்டியலிட்டு, மின்னஞ்சலில் திருப்பிக் கேளுங்கள். ‘இருக்கிறது, வேலையை விடும்போது தருகிறோம்’ என்று ஒரு வரி பதில் வந்தாலே அவர்களிடம் இருப்பதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. மறுத்தால் வக்கீல் நோட்டீஸ்.

அப்பா உயிலை எழுதி வங்கி லாக்கரில் வைத்திருக்கிறார். பாதுகாப்புதானே?
– வாசகர், காரைக்குடி

லாக்கர் அவர் ஒருவர் பெயரில் இருந்து, நாமினியும் இல்லையென்றால் சிக்கல். அவர் காலத்துக்குப் பிறகு லாக்கரைத் திறக்க வாரிசுச் சான்று, எல்லா வாரிசுகளின் ஒப்புதல் என்று வங்கி கேட்கும். யார் நிறைவேற்ற வேண்டும் என்று சொல்லும் உயிலோ உள்ளே பூட்டிக் கிடக்கும். நாமினி போடச் சொல்லுங்கள். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம், லாக்கருக்கு ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசையில் மட்டும். நாமினி என்பவர் எடுத்துத் தரும் பொறுப்பாளர். உள்ளே இருப்பது அவருக்குச் சொந்தமாகிவிடாது.

உயிலைப் பதிவு செய்துவிடுவது இன்னும் நல்லது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் அசல் போனாலும் பதிவேட்டில் இருக்கும். பிள்ளைகள் முன்கூட்டியே பார்த்துவிடுவார்களோ என்ற தயக்கம் வேண்டாம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை நகல் அவருக்கு மட்டுமே கிடைக்கும். பதிவும் வேண்டாம் என்றால் மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை.

லாக்கரின் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை. வெள்ளம், நிலநடுக்கம், இடி போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கி தன் கவனத்தில் தவறவில்லையென்றால், பொறுப்பில்லை. தரைத்தளக் கிளை, கீழ் வரிசை லாக்கர் என்றால் உள்ளேயும் தண்ணீர் புகாத உறை போடுங்கள்.

ஆதாரில் கொடுத்த பழைய மொபைல் எண் இப்போது இல்லை. ஓடிபி எதுவும் வருவதில்லை.
– வாசகி, பெரம்பலூர்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். 90 நாள் பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம், பிறகு அது வேறொருவருக்குப் போகும். உங்கள் வங்கி ஓடிபி அவருடைய போனில் மணியடிக்கும். ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போனால் எண்ணை மாற்றலாம்; ஆவணம் எதுவும் கேட்பதில்லை, விரல் ரேகை போதும். வர முடியாத முதியவர்களுக்கு அஞ்சல் வங்கி மூலம் தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்து தருவார், அஞ்சலகத்தில் கேளுங்கள். மாற்றம் ஏறியதும் அதே எண்ணை வங்கி, பான், டிஜிலாக்கர், எரிவாயு இணைப்பு என்று ஒவ்வொன்றிலும் மாற்றுங்கள். ஆதாரில் மாற்றினால் மற்றவற்றில் தானாக மாறாது. பழைய சிம் இன்னும் கையில் உயிரோடு இருந்தால், இந்தப் பட்டியல் முடியும்வரை ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள்.